சர்க்கரை வியாதிக்கும் ஒரு நாள்வழி

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் ஐந்தொகையை மட்டும் பார்த்து நாம் திருப்தியடைவதில்லை. ஆண்டு முடிவில் இருப்புச் சரியாக இருந்தாலும், இடையில் பெட்டி காலியாகக் கிடந்த நாட்கள் உண்டா என்பதை நாள்வழிதான் சொல்லும். சர்க்கரை வியாதியிலும் அப்படியே. ஏ1சி பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஐந்தொகை. சராசரி ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை 50க்கு இறங்குவதும் 300க்கு ஏறுவதுமாக இருக்கலாம்.

நாள்வழியை எழுதுவது தொடர் குளுக்கோஸ் மானி. அமெரிக்காவில் 1999இல் முதலில் அனுமதி பெற்ற கருவி இது. இப்பொழுது மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் சிறு வில்லையாக வருகிறது. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்கடியிலுள்ள திசுநீரில் குளுக்கோஸைச் சில நிமிஷங்களுக்கொருமுறை அளக்கிறது. சுமார் இரண்டு வாரம் உழைக்கும்; பிறகு எறிந்துவிட வேண்டியதுதான். ஒருவர் ஒட்டியதை மற்றவர் ஒட்ட முடியாது. மருந்து தெளிப்பானைப் போலச் சங்கம் ஒன்றை வாங்கி முறைவைத்துக்கொள்ள வழியில்லை.

சமீபத்தில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் இதை மாதந்தோறும் வாங்கவெனத் தமது சேமிப்பிலிருந்து பணம் கேட்டு மனுச் செய்திருந்தார். அவர் மாத்திரை மட்டுமே உண்பவர். நம் அபிப்பிராயத்தில் அவருக்கு ஒரு வில்லை போதும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். என்ன உண்டார், எப்பொழுது உண்டார் என்று எழுதாவிட்டால் கருவியின் கோடுகள் வெறும் கோடுகளே. கேழ்வரகென்றால் பயமில்லை என்று கூழாகக் குடிப்பவருக்கு ஏற்றம் எவ்வளவு? அதே அளவு சோற்றைக் காய்கறியும் பருப்பும் உண்டபின் உண்டால் எவ்வளவு? உண்டதும் தறிக்குழியில் இறங்காமல் கால்மணி நேரம் நடந்தால்? பலருக்கு ஏற்றம் தணிகிறது. தமக்கு எப்படியென்று அவரே கண்டுகொள்ளலாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு நாளில் 70 சதவிகித நேரமாவது 70க்கும் 180க்கும் இடையில் இருப்பது நல்லது என்பது 2019இல் நிபுணர்கள் வகுத்த அளவு.

கருவியும் பிழை செய்யும். ஒட்டிய கையின்மேல் படுத்துறங்கினால் இல்லாத இறக்கத்தைக் காட்டும். இரத்தத்தைவிடச் சில நிமிஷம் பிந்தியே சொல்லும். உடல்நிலையோடு ஒவ்வாத எண் வந்தால் விரல்நுனி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். டாக்டரைக் கேளாமல் மருந்தை மாற்றலாகாது.

இன்ஸுலின் போடுவோர் விஷயம் வேறு. உறக்கத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது எழுப்பிவிடும் மணி அவர்களுக்கு உயிர்காப்பு. பொதுநல நிதியுள்ள சங்கங்கள் முதலில் அவர்களுக்கே உதவவேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் கொண்டுவரலாம்.