பஸ் ஸ்டாப்பில் அழிக்கிற லிப்ஸ்டிக்!



நான் குமாரலிங்கபுரத்தில் வசிக்கும் குடும்பத் தலைவி. வயது, 36; பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எல்லாம் வானம் பார்த்த பூமி. மஞ்சளும், ஒரு முழம் மல்லிகைப் பூவும்தான் எங்களுக்கு அலங்காரம். 'அந்த ஊரிலிருந்து லிப்ஸ்டிக்கைப் பற்றி எழுத ஒருத்தி வந்து விட்டாளா?' என்று சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

என் நாத்தனார், டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றைக்கே, 'வேலை நேரத்தில் லிப்ஸ்டிக் போட்டிருக்க வேண்டும்' என்று சொல்லி விட்டார்கள். காலையில் பஸ் ஏறிய பிறகு, கைக்கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக் கொள்வாள். சாயங்காலம் நம்ம ஊர் வருவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து விடுவாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்குப் பயம்!

ஒருநாள் ராத்திரி, சாப்பாட்டில் ரசம் ஊற்றினேன். ஒரு வாய் வைத்ததும், 'ஸ்... ஆ...' என்று துடித்து விட்டாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், உதடெல்லாம் வெடிப்பும், புண்ணும்! திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய லிப்ஸ்டிக். போதாக்குறைக்கு, தினமும் வறட்டுத் துணியால் தேய்த்த தேய்ப்பு.

'ஏன்டி, இவ்வளவு நாளா சொல்லல?' என்று கேட்டேன்.

'என்ன மதினி சொல்ல? போடாட்டி கடையில திட்டுவாங்க; அழிக்காட்டி ஊர்ல பேசுவாங்க...' என்றாள்.

அழித்தும் பேசத்தான் செய்தார்கள். கடையில் அவளைப் பார்த்த யாரோ போய்ச் சொல்ல, பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், 'சாயம் பூசுற பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரிப்படாது' என்று சொல்லி அனுப்பி விட்டார்கள். என் மாமியார் அழுது, அவளை ஏசித் தீர்த்து விட்டார். மாமனாரின் மாத்திரைச் செலவு, அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது என்பது, அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இது ஏதோ பட்டிக்காட்டுப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் பேப்பரில் வந்த செய்தி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சென்னை மாநகராட்சியில், மேயர் அலுவலகத்தில் பெண் தபேதாராக இருந்தவர், மணலிக்கு மாற்றப்பட்டார். லிப்ஸ்டிக் போடக் கூடாது என்று சொன்னதைக் கேட்காததால்தான் மாற்றினார்கள் என்றார் அவர். அது காரணமில்லை என்று மாநகராட்சி தரப்பில் மறுத்தார்கள். யார் சொல்வது சரி என்ற வழக்கு நமக்கு வேண்டாம். ஆனால், 'லிப்ஸ்டிக் போடக் கூடாது என்று அரசாணை இருந்தால் காட்டுங்கள்' என்று அந்தப் பெண் கேட்டாரே, அந்தக் கேள்வி என் மனதில் அப்படியே நின்று விட்டது.

ஓரிடத்தில் போடாதே என்கிறார்கள்; இன்னோரிடத்தில் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். 'உனக்குப் பிடித்திருக்கிறதா? உன் உதட்டுக்கு ஒத்துக் கொள்கிறதா?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

உதடு சிவப்பாக இருப்பதுதான் குற்றம் என்றால், எங்கள் அப்பத்தா ஆயுள் முழுக்கக் குற்றவாளி! வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போட்டு, எழுபது வயது வரைக்கும் செக்கச் செவேல் என்று இருந்த வாய் அது. 'வெத்தல நல்லா செவந்தா, புருஷனுக்குப் பிரியம் அதிகம்' என்று கேலி பேசினார்களே தவிர, யாரும் ஏசவில்லை. உண்மையைச் சொன்னால், பாக்கு மெல்லுவது வாய்ப் புற்றுநோய் வரை கொண்டு போய் விடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கெடுதல் செய்கிற சிவப்பைக் கொண்டாடினோம். மேலே பூசிக் கழுவுகிற சிவப்பை ஏசுகிறோம்.

இன்னொரு வேடிக்கை. லிப்ஸ்டிக் எதில் செய்கிறார்கள் தெரியுமா? மெழுகு, எண்ணெய், நிறம் இந்த மூன்றும்தான் முக்கியம். தேன் மெழுகு சேர்ப்பார்கள். எண்ணெயில் பல காலமாக முதலிடம், நம் விளக்கெண்ணெய்க்குத்தான். எங்கள் காட்டு வரப்பில் தானாக முளைத்து நிற்கிற ஆமணக்குதான், பட்டணம் போய்ப் பளபளப்பாகத் திரும்பி வருகிறது! 1952ல் டாடா நிறுவனத்தார் ஆரம்பித்த 'லக்மே'யின் பெயரும், நம் லட்சுமியின் பெயர்தான். பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆகி விட்டது. இதைச் சொன்னதும் என் மாமியார், 'லட்சுமியா? வெளக்கெண்ணெயா? அப்புறம் ஏன் பிள்ளைக்குப் புண்ணாச்சு?' என்று கேட்டார். நியாயமான கேள்வி!

அதற்குப் பதில் தேடித்தான், நாத்தனாரைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். புண் ஆறும் வரை எதையும் பூசக் கூடாது என்று சொல்லி விட்டார். டாக்டரிடமும், டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் என் பள்ளித் தோழியிடமும் தெரிந்து கொண்டதை, நம் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் அட்டையைப் படியுங்கள். தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், சேர்மானங்கள், காலாவதி தேதி இத்தனையும் இருக்க வேண்டும். ஈயம், ஆர்செனிக் கலந்த நிறங்களை அழகு சாதனங்களில் சேர்க்கக் கூடாது என்பது, நம் நாட்டுச் சட்டம். பெயரும், ஊரும் இல்லாத சரக்கில் என்ன இருக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது? உதட்டில் பூசுவதில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகிறது என்பதை மறக்காதீர்கள்.

புதிதாக வாங்கினால், முழங்கையின் உள் பக்கம் கொஞ்சம் தடவி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ, தடிப்போ வந்தால், அது உங்களுக்கு ஆகாது.

கடையில் பலரும் தொட்டுப் பார்க்க வைத்திருப்பதை, உதட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒருவர் உதட்டுப் புண் இன்னொருவருக்குத் தொற்றும். விரல் நுனியில் தடவி, கடைக்கு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப் லைட்டில் ரோஸாகத் தெரிந்தது, வெயிலில் வேறு நிறமாகி விடும்.

நம்மைப் போல மாநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்கு, வெளிறிய ரோஸ் நிறம் பூசினால், உதடு சாம்பல் பூத்தது போல் இருக்கும். செங்கல் சிவப்பு, அரக்கு, காபிப் பொடி நிறம், நாவல்பழ நிறம் இவையெல்லாம் எடுப்பாக இருக்கும். விளம்பரத்தில் சிரிக்கிற சிவத்த பெண்ணின் உதட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

எங்கள் ஊர் வறட்டுக் காற்றுக்கு, பூசியதும் உலர்ந்து ஒட்டிக் கொள்கிற வகை சரிப்படாது; உதடு வெடிக்கும். கிரீம் போல் இருப்பது நல்லது. பூசும் முன், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து ஒற்றி எடுத்து விடுங்கள். உதட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாகப் பூசினால் போதும்.

அழிக்கும்போதும் எண்ணெய்தான். தடவி, ஊற விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். படுக்கப் போகும் முன், கட்டாயம் எடுத்து விட வேண்டும். வெயிலில் உருகியதையும், சிக்கு வாடை அடிப்பதையும், காசு போகிறதே என்று பார்க்காமல், தூக்கிப் போடுங்கள்.

இத்தனையும் படித்து விட்டு, நான் லிப்ஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். நாத்தனாரின் புது லிப்ஸ்டிக்கை, வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் வேறு யாரோ நிற்பது போல் இருந்தது, அழித்து விட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்! 'போட்டே ஆகணும்' என்று கடைக்காரர் சொல்வதும், 'போடவே கூடாது' என்று ஊரார் சொல்வதும், எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. உதடு புண்ணாகிக் கிடந்தபோது, இரண்டு பேரும் வந்து மருந்து போடவில்லையே!

கடையில் நாத்தனாரே துணிந்து பேசினாள். டாக்டர் சீட்டைக் காட்டி, 'புண் ஆறுற வரைக்கும் போட மாட்டேன்' என்றதும், முணுமுணுத்துக் கொண்டே சரி என்று விட்டார்கள். புண் ஆறிய பிறகு, அரக்கு நிறத்தில் ஒன்றை, அவளே பார்த்து வாங்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம், நான் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று கொண்டேன். 'அழிக்காம இறங்கு, நான் நிக்கிறேன்' என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். இறங்கினாள். நாலு பேரும் பார்த்தார்கள். அவள் கையைப் பிடித்துக் கொண்டு, பேசிக் கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற மாமியார், மகள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து விட்டு, 'சாப்பிடும் முன்ன எண்ணெயைத் தொட்டுத் தொடச்சுக்கோ' என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே... உங்கள் வீட்டிலும் பஸ் ஸ்டாப்புக்குப் பயந்து உதட்டைத் தேய்க்கிற பெண் இருப்பாள். அவளைக் கேள்வி கேட்கும் முன், ஒருநாள் எதிரே போய்க் கூட்டி வாருங்களேன்!

— ஒரு வாசகி, குமாரலிங்கபுரம்.