பேத்தியின் ஜோடி ஆட்டம்

போன செவ்வாய்க்கிழமை சந்தை நாள். சாயங்காலம் நான்கு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மகன் நாற்காலியில், மருமகள் சமையலறை வாசலில், பேத்தி தூணில் சாய்ந்துகொண்டு. முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள்.

பேத்தி எட்டாம் வகுப்பு. மூன்று வருடமாக ஸ்கேட்டிங் பழகுகிறாள். வேகமாக ஓடும் பந்தயம் அல்ல, நான்கு சக்கர ஷூ மாட்டிக்கொண்டு பாட்டுக்கு ஏற்பச் சுழன்று, தாவி ஆடும் ஆட்டம். இப்போது மாஸ்டர், "இவள் ஜோடிப் பிரிவுக்குப் பொருத்தமாக இருப்பாள், கூட ஆட ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்தப் பையனுக்கு வேறு பெண்ணைப் பார்த்துவிடுவார்கள்.

"அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா. ஒரு பையன் இவளைத் தூக்கிச் சுத்தறதாம். யாராவது போன்ல படம் புடிச்சு ஊர் பூரா அனுப்புவான். நாளைக்கு நம்மளத்தான் பேசுவாங்க" என்றான் மகன்.

நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று நானும் அவன் பக்கம்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அக்கா நினைவுக்கு வந்தாள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அங்கே ஜூலை 14 வந்தால் தெருவெல்லாம் காகித விளக்கு, ஊர்வலம், ஆட்டம் பாட்டம். ஒரு வருடம் விழாவில் ஜோடி நடனத்துக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா நீல உடை தைத்துக்கொடுத்தாள். விழாவன்று காலையில் அப்பா, "கூட ஆடறது ஆம்பளப் பையனா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா அந்த நீல உடையோடு திண்ணையில் உட்கார்ந்து ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வறுத்த வேர்க்கடலை தின்றேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அக்கா இன்று இல்லை. அந்த நாளைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசியதும் இல்லை.

ஸ்கேட்டிங் என்றால் நம் ஆட்களுக்கு இப்போது ஆனந்த்குமார் வேல்குமார் பெயர் தெரியும். ஹாங்சோ ஆசியப் போட்டியில் 2023-ல் தொடர் ஓட்டத்தில் வெண்கலம், 2025-ல் சீனாவில் உலகச் சாம்பியன். நம் தமிழ்நாட்டுப் பையன். அதே ஹாங்சோவில் பெண்கள் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய அணியில் நம் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார். ஆனால் அது வேகப் பந்தயம். ஜோடி ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் வந்திருக்கிறதே, அது எத்தனை பேருக்குத் தெரியும்?

2010 நவம்பர், சீனாவின் குவாங்சோ. ஆசியப் போட்டியில் ரோலர் ஸ்கேட்டிங் முதன்முதலாகச் சேர்ந்த வருடம். ஐதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா, அகமதாபாத்தைச் சேர்ந்த அவனி பஞ்சால் இருவரும் ஜோடிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார்கள். அனூப் தனி ஆட்டத்திலும் ஒரு வெண்கலம் வாங்கினார். ரோலர் ஸ்கேட்டிங்கில் அந்த முறை நாட்டுக்குக் கிடைத்தவை இந்த இரண்டும்தான். இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து என்ன ஆயிற்று? 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் ரோலர் ஸ்கேட்டிங்கே கிடையாது. 2018 ஜகார்த்தாவில் சக்கரம் திரும்பி வந்தது, ஆனால் இந்தக் கலை ஆட்டம் வரவில்லை. ஒலிம்பிக்கில் என்றைக்குமே இருந்ததில்லை. நன்றாக ஆடுகிற வயதில் மேடையையே எடுத்துவிட்டால் ஒரு ஜோடி என்ன செய்யும்? 2015-ல் அனூப் குமாருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. தகுதியானவர், இரண்டு பதக்கம் வாங்கியவர், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு பதக்கத்தை இரண்டு பேர் சேர்ந்துதானே வாங்கினார்கள்? கோப்பு முழுவதையும் எழுதித் தயாரிப்பவன் ஒருவன், கீழே கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர் என்ற இடத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டாவது பெயரைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மறுநாள் பேத்தியை உட்காரவைத்து, "இந்த ஆட்டத்தில் உன் வேலை என்னம்மா? அவன் தூக்குவான், நீ சும்மா இருக்கணும், அவ்வளவுதானே?" என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"சும்மா இருந்தா தூக்கவே முடியாது தாத்தா. நான்தான் முதல்ல முழங்காலை மடக்கி எம்பணும். மேலே போனதும் உடம்பைக் கட்டை மாதிரி இறுக்கி வெச்சுக்கணும். தொளதொளன்னு விட்டா ரெண்டு பேரும் விழுவோம்" என்றாள். தலைக்கு மேலே தூக்குவது ஜோடி ஆட்டத்தில் மட்டும்தான், நடனப் பிரிவில் அது கூடாது என்பதையும் அவள்தான் சொன்னாள். இன்னொன்று இருக்கிறதாம். அவன் ஒரு இடத்தில் ஊன்றி நிற்க, இவள் அவனுடைய ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலை தரையைத் தொடுமளவு சாய்ந்து அவனைச் சுற்றி வரவேண்டும். கேட்கவே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பயத்தை நான் மறைக்கவில்லை. சிமென்ட் தளம், சக்கர ஷூவின் கனம், விழுந்தால் பல்லோ மணிக்கட்டோ போகும்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். பெற்றோர் பயப்படட்டும். தளம் வழவழப்பாக இருக்கிறதா, தூக்கப் பழகும்போது கீழே மெத்தை போடுகிறார்களா, மாஸ்டர் பக்கத்திலேயே நிற்கிறாரா, பயிற்சி நேரம் முழுக்க வீட்டிலிருந்து ஒருவர் போய் உட்கார விடுவார்களா என்று நாலு கேள்வி கேட்கட்டும். திருப்தியில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லட்டும், நானே ஆமோதிப்பேன். ஊர் பேசும் என்பதற்காக மட்டும் நிறுத்தக்கூடாது. நம் காரிமங்கலம் பேசுவதற்கு ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம் போதும், அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு விஷயம் வந்துவிடும். இதே ஊரில் அரசு மகளிர் கல்லூரி வந்து, பெண்கள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள். வெளியூருக்குப் பெண்ணைப் படிக்க அனுப்பினால் என்ன பேச்சு வந்தது என்று என் வயதுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிரெஞ்சு ஜோடி ஒன்றும் நினைவுக்கு வந்தது. ஆந்த்ரே ஜொலி என்ற பெண், பியேர் புருனே என்ற ஆண். பனிச்சறுக்கு ஜோடி ஆட்டத்தில் 1924-ல் ஷமோனியில் ஒலிம்பிக் வெண்கலம், 1928-லும் 1932-லும் தங்கம். 1936-ல் போட்டி ஹிட்லரின் ஜெர்மனியில் நடந்தபோது, எதிர்ப்புக் காட்டிப் போகாமல் இருந்துவிட்டார்கள். மூன்றாவது தங்கத்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே மனதாகச் சொல்வது சாதாரண விஷயமா? மகனிடம் இந்தக் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். 1929-ல் அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது சட்டென்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பதில் அக்கா கதையைச் சொன்னேன். அத்தையைப் பற்றி இது அவனுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைத்தான். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தான். சாப்பிடும்போது, "பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று மருமகளிடம் கேட்டான்.

இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே நாற்காலி இருக்காதாம், மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துவரச் சொல்கிறாள் பேத்தி.