பெரியவருக்குக் கண் தெரியும்

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் நான் அடிக்கடி கேட்கிற வசவு ஒன்று உண்டு: "யோவ் பெருசு, கண்ணு தெரியல?" சொல்கிறவன் மோட்டார் சைக்கிளில் இருக்கிறான். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர், கிரிவலத்தின் 14 கிலோ மீட்டரையும் வெறுங்காலோடு நடந்து முடித்து வந்தவர்.

கண் தெரியவில்லையாம்! கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் சுடர் எழுந்ததும், பேரன் சுட்டிக் காட்டுமுன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் அவர்தானே? அவ்வளவு தொலைவில் தெரிந்த கண்ணுக்கு முழங்கையருகே வந்த வண்டி தெரியாதா?

அங்கே இருட்டில் ஒரே ஒரு சுடர். இங்கே ஆட்டோ, பூக்கூடை, மாடு, கடை விளக்கு, விளம்பரத் தட்டி, முதுகுக்குப் பின்னால் ஹாரன். வயது ஏற ஏற, இத்தனைக்கும் நடுவில் வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததைத் தள்ளுகிற வேகம் குறைகிறது. எதிரே ஒன்றைக் கவனிக்கும்போது, ஓரத்திலிருந்து வருவது கண்ணில் பட்டும் புத்திக்கு எட்டத் தாமதமாகிறது. அமெரிக்காவில், அலபாமாவில், கார்லீன் பால், சிந்தியா ஔஸ்லி முதலியோர் 294 முதிய கார் ஓட்டிகளைச் சோதித்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களை நன்றாக இனங்காட்டியது பார்வையின் கூர்மையல்ல. இந்தக் கவனத்தின் அகலம்தான்.

நாமோ, 1862-இல் ஹாலந்து டாக்டர் ஸ்நெல்லன் வகுத்த எழுத்துப் பலகையோடு நிற்கிறோம். அசையாத எழுத்து, அமைதியான அறை. அதில் தேறிவிட்டால் கண் சரி! கண் முகாம்களை நான் பழிக்கவில்லை. புரை நீக்கிப் பார்வை கொடுத்த புண்ணியம் அவற்றுக்கு உண்டு. ஆனால் அதற்குப் பிறகும் அப்பா தெருவில் தடுமாறினால் வீட்டில் என்ன தீர்ப்பு? "ஆப்பரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லே. பேசாம வீட்டிலேயே இருக்கச் சொல்லு." இப்படிச் சொல்கிற பிள்ளையை வைத்து ஒரு நாவலே எழுதலாம், இப்போது வேண்டாம்.

அவரை ஏன் அடைக்க வேண்டும்? தெருவை அடக்குங்களேன்! 217 அடி ராஜகோபுரத்தின் முன்னால் வருகிறவர் அண்ணாந்துதான் பார்ப்பார். அங்கே வண்டிகள் நடைவேகத்தில் போகட்டும். தெருவைக் கடக்க ஓர் இடத்தைக் குறித்து, விளக்கை அதன்மேல் போடுங்கள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைத் தவிர வேறெதையும் எழுதாமலிருக்க என்ன செலவாகிவிடும்?