செத்தால்தான் விஷமா?

அமெரிக்க ஓடைகளில் வாழும் கிரேஃபிஷ், பார்வைக்குக் குட்டி சிங்கி இறால். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதில் பெரும்பகுதியை அது பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. ஹார்வர்டில் ராபர்ட் யெர்க்கிஸ் நடத்தி, 1903-ல் வெளிவந்த சோதனை எளிமையானது. பெட்டிக்குள் இரண்டு வழிகள். ஒன்று தண்ணீருக்குப் போகும், மற்றொன்றைக் கண்ணாடி மறிக்கும். முதலில் பாதிக்குப் பாதி தவறிய கிரேஃபிஷ், பழகப் பழகப் பெரும்பாலும் சரியான வழியையே பிடித்தது.

கலங்கிய நீரில் அதற்கு வழிகாட்டி வாசனை. நசுங்கிய இனத்தானின் உடல்சாறு நீரில் கலந்தால் உடனே அடங்கிப் பதுங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹேஸ்லெட்டும் இத்தாலிய ஆய்வாளர்களும் அந்த வாசனையோடு தங்கமீன் வாசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு தங்கமீன் வாசனை மட்டும் வந்தாலும் கிரேஃபிஷ் எச்சரிக்கையானது. 2002-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அந்நிய நீர்நிலைகளில் பரவி ஆக்கிரமிக்கும் இனங்கள், உள்ளூர் இனங்களைவிட இந்தப் பாடத்தை நீண்ட நாள் நினைவில் வைத்திருந்தன. புது இடத்தில் காலூன்ற நினைவாற்றலும் கைகொடுக்கிறது போலும்.

இந்த அறிவைக் குலைக்க, உயிரைப் பறிக்குமளவு நஞ்சு வேண்டியதில்லை. மெட்டோலாக்ளோர் என்ற களைக்கொல்லி சிறிதளவு கலந்த நீரில் இருந்த கிரேஃபிஷ்கள், இரையின் வாசனையையும் ஆபத்தின் வாசனையையும் சரியாக உணராமல் தடுமாறின. 2021-ல் புளோரிடா ஆய்வாளர்கள் செயற்கை ஓடைகளில் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமைக் கலந்து பார்த்தார்கள். கிரேஃபிஷ்கள் மறைவிடத்தைவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்தன. இரை தேடி அதிக நேரம் திறந்தவெளியில் அலைந்தன. வேட்டையாடும் மீன் உள்ள ஓடையில் அந்தத் துணிச்சல் உயிருக்கே உலை வைக்கும்.

இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கழிவுநீரை உயிரிகளைக் கொண்டு சோதிக்கும்போது கேட்பது ஒன்றுதான்: 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்கின்றனவா? பிழைத்த மீன் பகையை உணர்கிறதா, பதுங்கத் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இது போதாது. கிரேஃபிஷ் இந்திய ஆறுகளுக்கு உரியதல்ல. ஆனால் வயல் நண்டும் நன்னீர் இறாலும் இங்கே உண்டு. ஒரு தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, ஒரு கேமரா இருந்தால் அவற்றின் நடத்தையைப் பார்க்கும் சோதனையைத் தொடங்கிவிடலாம். மருந்து ஆலைகளும் பூச்சிமருந்து ஆலைகளும் உள்ள ஆற்றோரங்களிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இதை ஆரம்பிக்க வேண்டும்.