வீட்டில் செய்ததுதானே!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பிறந்தநாள் காணும் பிள்ளைக்கு வயது இரண்டு. நான்கு கால், ஒரு வால். மாடி வீட்டுத் தம்பதியர் வளர்க்கும் லாப்ரடார். தலையில் காகிதத் தொப்பி, கழுத்தில் ரிப்பன். மேசையில் கேக். மனைவியையும் என்னையும் முறையாக வந்து அழைத்திருந்தார்கள். போனோம்.

கேக்கின் மேல் உலர்ந்த திராட்சையை வரிசையாகப் பதித்து நாயின் பெயரை எழுதியிருந்தார்கள். மெழுகுவர்த்தியை ஊதி, கத்தியை எடுத்தார்கள். நான் எழுந்து போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"அங்கிள், கடையில வாங்கினது இல்ல. நானே வீட்டுல செஞ்சது. ஆர்கானிக் திராட்சை" என்றது அந்தப் பெண். கண் கலங்கிவிட்டது அதற்கு.

"அதனாலதாம்மா பயப்படுறேன்" என்றேன்.

விழா அத்தோடு முடிந்தது. மறுநாள் தெருவில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்களாம். இருக்கட்டும். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். ஒரு காரியத்தைச் செய்தால் அதற்கான காரணத்தை எழுதி வைப்பது பழக்கம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பெயர் மெதோர். நான் பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். இங்கே முருகன், கந்தன் மாதிரி பிரெஞ்சுக் கதைகளில் நாய் என்றால் மெதோர்தான். எங்கள் தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. காய்கறி வண்டிக்காரர் "மேதாவி" என்று கூப்பிடுவார். அதற்கும் வாலாட்டும். "அஸ்ஸி" என்று சொன்னால் உட்காரும். "உட்கார்" என்று சொன்னால் முழிக்கும். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தது.

2016 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து விவிக்கம் வந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை. நான் மாலை காப்பியோடு ஒரு துண்டு தின்பேன். மெதோர் காலடியில் உட்கார்ந்து முகத்தையே பார்க்கும். அதற்கும் ஒரு துண்டு. மூன்று நாள் இப்படி. நான்தான் கொடுத்தேன். மனைவி வேண்டாம் என்றாள். "வீட்டுல செஞ்சதுதானே, என்ன பண்ணும்?" என்றேன்.

நான்காம் நாள் வாந்தி. பிறகு தண்ணீராகக் குடித்தது. பிறகு அதையும் நிறுத்தியது. பண்டிகை நேரம், இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டேன். மருத்துவரிடம் தூக்கிப் போனபோது சிறுநீரே போகவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டுது சார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டிரிப் ஏற்றினார்கள். புத்தாண்டுக்கு முதல் நாள் மெதோர் போயிற்று.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தட்டை நான் தூக்கியிருக்கக் கூடாதா?

அன்றைக்கு வந்திருந்தவர்கள் சொன்ன ஆட்சேபணைகளையும், நம் வயதுக்காரர்கள் எப்போதும் சொல்லும் ஆட்சேபணைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: "எங்க நாய் பத்து வருஷமா திராட்சை தின்னுது, ஒண்ணும் ஆகலை." ஆகாமல் இருக்கலாம். திராட்சையில் உள்ள ஆபத்தே அதுதான். ஒரு நாய் கை நிறையத் தின்றும் பிழைக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்று சாகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவு கிடையாது. நீண்ட காலம் காரணமே தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு மையத்து மருத்துவர்கள், டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் இதே கதி வந்தது; அந்த மாவில் டார்டார் உப்பு கலந்திருந்தது. அங்கிருந்துதான் பிடி கிடைத்தது. அந்த அமிலம் வேறு எதில் நிறைய இருக்கிறது தெரியுமா? நம் புளியில். மிச்சமான புளிசாதத்தையும் குழம்புச் சோற்றையும் நாய்க்கு வைக்கும் வீடுகள் யோசிக்க வேண்டும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கின்றன. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும்.

இரண்டாவது: "நாம சாப்பிடுறதுதானே, விஷமா?" நமக்கு இல்லை. நாயின் உடம்பு வேறு. சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒரு பொருள் உண்டு. அதில் பாதி வெளியேறவே நாய்க்குச் சுமார் 17 மணி நேரம் ஆகும். நெஞ்சு படபடக்கும், வலிப்பு வரும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கெடுதல். இன்னொன்றை நம் வயதுக்காரர்களுக்கென்றே சொல்கிறேன். நம்மில் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் என்று வாங்கி வைத்திருப்போம். அவற்றில் சிலவற்றில் ஸைலிட்டால் இருக்கும். அட்டையில் இ 967 என்றும் போட்டிருக்கும். நமக்கு நல்லது. நாய்க்குள் போனால் இன்சுலின் கட்டுக்கடங்காமல் சுரந்து, ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடும். "இனிப்பு சேர்க்காம நானே செஞ்சேன்" என்று ஒரு பாட்டி பெருமையாகச் சுட்டுக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது: "மனுஷனுக்கே சோறில்லை, நாய்க்கு பிஸ்கட்டா?" இதைச் சொல்பவர்களைக் கவனித்திருக்கிறேன். மனிதனுக்கும் அவர்கள் சோறு போட்டதாகத் தெரியவில்லை. படாத பாட்டுக்கெல்லாம் நாயைத்தான் துணைக்கு அழைக்கிறோம். தமிழில் "நாய் படாத பாடு" என்பதைப் பிரெஞ்சிலும் "மால் து ஷியேன்" என்று நாயின் தலையில்தான் கட்டுகிறார்கள். இரண்டு மொழியிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் பிரான்சில் 2015-லேயே சிவில் சட்டத்தில் விலங்கு என்பது உணர்வுள்ள உயிர் என்று எழுதிவிட்டார்கள். ஒரு பிடி கேழ்வரகு மாவு செலவழித்தால் நம் வீடு முழுகிவிடாது.

நான்காவது: "அப்படின்னா கடையில வாங்கிக் கொடுத்தா போச்சு." கொடுங்கள், அட்டையைப் படித்துவிட்டு. நாய் பிஸ்கட் வியாபாரம் ஒன்றும் புதிதல்ல; 1860-களிலேயே லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கிவிட்டார். என் சண்டை கடையோடு அல்ல. "வீட்டில் செய்தது" என்ற சொல்லோடு. வீட்டில் செய்வதற்கு இருக்கும் ஒரே சிறப்பு, உள்ளே என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும் என்பதுதான். போட்டது நாய்க்கு ஆகுமா என்று தெரியாவிட்டால் அந்தச் சிறப்பும் போயிற்று. அன்பு என்பது மாவில் கலக்கும் மருந்தல்ல.

மெதோருக்குப் பிறகு மூன்று வருடம் நாய் வேண்டாம் என்றிருந்தோம். இப்போது ஒரு தெரு நாய் தானாக வந்து வராந்தாவில் படுத்துக்கொண்டது. பெயர் வைக்கவில்லை; "அது" என்றுதான் கூப்பிடுகிறோம். அதற்கு நான் சுடுவது இதுதான்.

ஒரு கோப்பை கேழ்வரகு மாவு. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரைக் கோப்பை. ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, வெல்லம், சோடா மாவு, ஜாதிக்காய், ஈஸ்ட் எதுவும் வேண்டாம். ஈஸ்ட் போட்ட பச்சை மாவை நாய் திருடித் தின்றால் வயிற்றுக்குள் உப்பி, சாராயமாகவும் மாறும். கெட்டியாகப் பிசைந்து, தட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, அவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுவென்று காயும். அவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடலாம். நம் ஊர்க் கடல் காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அதையும் அளவோடு. ஒரு நாளைய தீனியில் பத்தில் ஒரு பங்குதான் தின்பண்டம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்துக் கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும், அதில் 60. மேரி பிஸ்கட் என்றால் இரண்டே இரண்டு. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நண்பர்களே, ஒரே நாய்க்கு ஆளுக்கொரு பொட்டலம் கிரீம் பிஸ்கட் பிரித்துப் போடுகிறீர்களே, எண்ணிப் பார்த்தீர்களா? அவை நடக்க முடியாமல் நடப்பதைப் பார்க்கிறேன். நமக்கு மருத்துவர் தடுத்ததை எல்லாம் அவற்றுக்கு ஊட்டிவிட்டு, புண்ணியம் என்று வீட்டுக்குப் போகிறோம்.

இன்னும் ஒன்று. தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்க வைத்து, டிரிப் ஏற்றிக் காப்பாற்ற வழி உண்டு. நான் வீணடித்த இரண்டு நாளின் விலை எனக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் அந்த மாடி வீட்டுப் பெண் வந்தது. வாசலிலேயே நின்று, "அங்கிள், டாக்டரைக் கேட்டேன்" என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே வரச் சொன்னேன். மனைவி காப்பி கொடுத்தாள். போகும்போது ஒரு டப்பா கேழ்வரகு பிஸ்கட் கொடுத்தனுப்பினேன். உள்ளே என்னென்ன போட்டேன் என்று ஒரு சீட்டில் எழுதி, மூடியில் ஒட்டியிருந்தேன்.