மணி அடித்தால் மட்டும் போதாது

புதிய கட்டடமொன்றில் தீ எச்சரிக்கை அமைப்பை ஒப்படைக்கும் நாளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் ஏணியில் ஏறி ஸ்மோக் டிடெக்டரில் சோதனைப் புகை அடிப்பார். சில விநாடிகளில் பெனலில் சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும். நிற்பவர்கள் தலையாட்டுவார்கள், கடதாசியில் கையெழுத்து விழும். மணி அடித்த பிறகு லிப்ட் கீழ்த்தளத்துக்கு வந்ததா, ஏ.சி. நின்றதா, மின்காந்தப் பூட்டுப் போட்ட கதவு திறந்ததா என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த வழக்கம் உயிர்களைப் பலிகொள்ளும் வழக்கம். அது மாற வேண்டும்.

நான் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவன். அம்மா பால் வெட்டினார். அப்பா ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடத்தில் வேலை செய்தார். கொழும்பிலும் கண்டியிலும் தீ எச்சரிக்கை பெனல் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். கட்டடத்துக்குள் நான் பார்க்கும் குறையும், எங்கள் மலையில் ஆட்களைக் கொன்ற குறையும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். சிறிய பெனல் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு ரிலேக்கள்தான் இருக்கும். ஒன்று தீக்கு, மற்றது கோளாறுக்கு. ரிலே என்பது பெனலின் கட்டளைப்படி திறந்து மூடும் ஒரு மின் தொடுப்பு. தோட்டத்து மொழியில் சொன்னால், பெனல் துரை என்றால் ரிலே கங்காணி. துரை பங்களாவில் இருந்தபடி எதைச் சொன்னாலும், கங்காணி மலைக்குப் போய்ச் சொன்னால்தான் வேலை நடக்கும். இரண்டே ரிலேக்கள் உள்ள பெனலால் மணியடிக்கவும் ஏதாவது ஒன்றை நிறுத்தவும் முடியும். லிப்ட், ஏ.சி. விசிறி, புகைக் குழாய்த் தட்டு, பூட்டிய கதவு, எரிவாயு வால்வு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு ரிலேக்கள் போதாது. அதற்காகத்தான் நான்கு, எட்டு, பதினாறு ரிலேக்கள் கொண்ட விரிவாக்கப் போர்டுகள் இருக்கின்றன. அவற்றை ஏற்கும் பெனல் என்றால், பழையதைக் கழற்றி எறியத் தேவையில்லை. போர்டைச் சேர்த்து, எந்த வலயத்தில் தீ என்றால் எந்த ரிலே இழுக்க வேண்டும் என்று பதிந்துவிட்டால், நேற்றுவரை சத்தம் மட்டும் போட்ட பெனல் இன்றிலிருந்து வேலை செய்யத் தொடங்கும்.

சேர்க்கும்போது கவனம் வேண்டும். போர்டு அந்தப் பெனலுக்கென்றே அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதிலுள்ள ரிலேக்கள் பொதுவாக 24 வோல்ட், ஓரிரு ஆம்பியர் வேலைக்கானவை. 230 வோல்ட் மோட்டாரை நேரடியாக அதில் கொடுத்தால் தொடுப்பு உருகி ஒட்டிக்கொள்ளும். நடுவில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஒரு கொன்டக்டர் போட்டே ஆக வேண்டும். பெட்டரிக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஒரு ரிலே 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். பதினாறும் தீ நேரத்தில் மட்டும் அரை மணித்தியாலம் இழுத்தால் கால் ஆம்பியர் மணி கூடச் செலவாகாது. ஆனால் அவை சாதாரண நேரத்தில் இழுத்தபடியே நின்று, தீ வந்தால் விடும்படி வயரிங் செய்யப்பட்டிருந்தால், கரண்ட் இல்லாத 24 மணித்தியாலத்தில் 11.5 ஆம்பியர் மணி தின்றுவிடும். சிறிய பெனல்களில் இருக்கும் 7 ஆம்பியர் மணி பெட்டரி பாதி வழியிலேயே செத்துப்போகும். இந்தக் கணக்கைப் போடாமல் போர்டை மட்டும் திருகிவிட்டுப் போவது தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

“மணி அடிக்குதுதானே தம்பி, அதுக்கு மேல எதுக்குச் செலவு?” என்று கேட்கும் உரிமையாளர்களுக்கு நான் கொல்கத்தாவைச் சொல்வேன். 2011 டிசம்பர் 9 ஆம் திகதி அதிகாலை, அங்கே டாக்குரியாவில் இருந்த ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் தீப்பிடித்தது. எரியக்கூடிய பொருட்களை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். நெருப்பு மேல் மாடிகளுக்குப் போகவேயில்லை, புகைதான் போனது. ஏ.சி. குழாய்கள் வழியாகவும் படிக்கட்டுகள் வழியாகவும் ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடம் என்பதால் வெளியேற அதற்கு வழி இருக்கவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு பேர், பெரும்பாலும் படுக்கையில் கிடந்த நோயாளிகள், மூச்சுத் திணறி இறந்தார்கள். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்த கேரளத்து நர்ஸ்கள் இருவரும் திரும்பி வரவில்லை. புகை கண்டவுடன் விசிறியை நிறுத்தி, குழாய்த் தட்டை மூடி, மேலே புகைபோக்கியைத் திறக்க வேண்டியது ரிலேயின் வேலை. புகையை மூக்கால் அறிந்து ஒருவர் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தேடும் நேரத்தில் ஒரு மாடி முழுவதும் இருண்டுவிடும்.

அந்த வேலையை மனிதனின் முடிவுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை காட்டியது. 2012 நவம்பர் 24 ஆம் திகதி அங்கே மணி அடித்தது. எழுந்த பெண்களை, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் உட்கார வைத்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. நூற்றுப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மணி தன் கடமையைச் செய்தது. மணிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு வயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உற்பத்தி இலக்கைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு மனிதன் நின்றான்.

வயர் இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். டிடெக்டருக்குப் போகும் வயர் அறுந்தால் பெனல் உடனே கோளாறு காட்டும். ரிலேயின் தொடுப்பைத் தாண்டி ஏ.சி. அறைக்கோ கதவுக்கோ போகும் வயரைப் பெரும்பாலான பெனல்கள் கவனிப்பதில்லை. எலி கடித்தாலும் தெரியாது, பெயின்ட் அடிக்க வந்தவர் கழற்றிவிட்டாலும் தெரியாது. பெனலின் திரையில் எல்லாம் நலம் என்றே இருக்கும். அந்தக் கடைசி வயரைச் சோதிக்க ஒரே வழி, டிடெக்டரைத் தூண்டிவிட்டு, மறுமுனைக்கு நடந்து போய், கதவு திறந்ததா என்று கண்ணால் பார்ப்பதுதான்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். 2016 மே 17 ஆம் திகதி மாலை, நாட்கணக்காகப் பெய்த மழைக்குப் பின் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே நாளில் அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயக் குடும்பங்கள் புதைந்தன. சிங்களக் கிராமம், தமிழ்த் தோட்டம் என்று மலை பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு முன், 2014 அக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது.

அறிவியல் தன் பங்கைச் செய்கிறது. அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுப்படி, 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால் சிவப்பு, அதாவது வெளியேறு. அளவுகள் தெளிவானவை. ஆனால் அந்தச் சிவப்பு கொழும்பிலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், மாவட்டச் செயலகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், கிராம அலுவலருக்கும், தோட்ட முகாமைக்கும் போய், பிறகுதான் லயத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு கையும் தனக்கு மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்பியதாக எழுதி வைக்கும். கடைசிக் காம்பராவில் படுத்திருக்கும் பாட்டிக்கு அது கேட்டதா என்று எழுதி வைக்க யாருக்கும் பொறுப்பில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன போதும் இதே முறைப்பாடு எழுந்தது. தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்தது, பல இடங்களில் வரவேயில்லை என்று. பெனல் நலமாக இருந்தது, கடைசி வயர்தான் இல்லை.

இதற்கான பொருட்கள் எங்கள் தோட்டங்களிலேயே இருக்கின்றன. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலைக்குக் கூப்பிடும் சங்கு இருக்கிறது. அதன் சத்தம் மலை தாண்டிக் கேட்கும், அதற்கு மொழியும் தேவையில்லை. தானியங்கி மழைமானி பலவற்றில் ஒரு சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு மின் தொடுப்பு மூடித் திறக்கும். அரை மில்லிமீட்டருக்கு ஒரு கவிழ்ப்பு என்றால், ஒரு மணித்தியாலத்தில் 150 கவிழ்ப்பு விழுந்தால் அது சிவப்பு. அதை எண்ணும் ஒரு சிறு கருவியும், ஒரு ரிலேயும், ஒரு கொன்டக்டரும், மின்சாரம் போனாலும் சங்கை ஊதவைக்கும் பெட்டரியும் சூரியத் தகடும் இருந்தால், மலையில் விழும் மழையே லயத்தை எழுப்பும். இது நான் நாள்தோறும் கட்டடங்களில் செய்யும் வேலைதான். வேலைக்கு ஊதுவதையும் ஆபத்துக்கு ஊதுவதையும் பிரித்தறிய, ஆபத்துக்கு விட்டு விட்டு ஊதும் முறையை வைக்கலாம். சம்பள நாளில் மாதமொருமுறை ஊதிப் பார்க்கலாம். அன்று எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். கேட்காத லயம் எது என்று அன்றே தெரிந்துவிடும்.

வீணாகச் சங்கு ஊதினால் சனம் நம்பாமல் போகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. கட்டடங்களில் அதற்கு வழி கண்டிருக்கிறோம். ஒரு டிடெக்டர் தூண்டினால் காவலாளிக்கு மட்டும் ஒலி, இரண்டு தூண்டினால் முழுக் கட்டடத்துக்கும் மணி என்று அமைப்போம். மலையிலும் மஞ்சளுக்குத் தோட்டத் தலைவர்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தொலைபேசி, செம்மஞ்சளுக்கு வயதானவர்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கோ பாடசாலைக்கோ நகர்த்துதல், சிவப்புக்குச் சங்கு என்று வைத்தால் போதும். சிவப்பு வந்த பின் துரையின் அனுமதிக்குச் சங்கு காத்திருக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

ரப்பர்ப் புகைக்கூடங்களையும் சொல்லாமல் விட மாட்டேன். எங்கள் பக்கத்தில் அடிக்கடி எரிபவை அவைதான். உள்ளே எப்போதும் புகை என்பதால் ஸ்மோக் டிடெக்டர் அங்கே உதவாது. ஷீட் 50, 60 பாகை செல்சியஸ் சூட்டில் காயும். அந்த அளவுக்குச் சற்று மேலே வைத்த வெப்ப டிடெக்டர் வேண்டும். அது தூண்டியவுடன் அடுப்பிலிருந்து வரும் குழாயின் தட்டு தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருக்கும் லயக் காம்பராக்களிலும் விறகடுப்புப் புகையால் ஏமாறாத வெப்ப எச்சரிக்கைகளை ஒன்றோடொன்று தொடுத்துவிட்டால், முதல் காம்பராவில் நெருப்பு என்றால் கடைசிக் காம்பராவிலும் ஒலிக்கும். நெருப்பு கூரை வழியே ஓடுவதற்கு முன் ஆட்கள் வெளியே வந்துவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் இருக்கிறது. வேண்டியது அவற்றுக்குள் மூன்று நிபந்தனைகள். எந்த டிடெக்டர் தூண்டினால் எது இயங்க வேண்டும் என்ற அட்டவணை பெனலின் அருகிலேயே தொங்க வேண்டும். ஆண்டுதோறும் அதன் ஒவ்வொரு வரியையும் இயக்கிக் காட்டாத மருத்துவமனைக்கும் ஹோட்டலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் தீயணைப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்படக் கூடாது. மண்சரிவு அபாய வலயத்தில் லயம் வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டமும், மழைமானியிலிருந்து சங்கு வரை மாதாந்தம் சோதித்த பதிவேட்டைப் பிரதேச செயலகத்துக்குக் காட்ட வேண்டும். பாதுகாப்பான காணியும் வீடும் கொடுப்பதற்கு இது ஈடாகாது. அந்த உரிமை கிடைக்கும் வரை அந்தச் சரிவில் உறங்கும் மனிதர்களை உயிரோடு வைத்திருக்க இது வேண்டும். வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு தோட்டத்திலாவது இதைப் பூட்டிக்காட்டத் தோட்டக் கம்பனிகளும் மாவட்டச் செயலகமும் முன்வந்தால், என் கையிலுள்ள தொழிலை அங்கே கூலியில்லாமல் கொடுக்க நான் தயார்.