கணக்கர் கையெழுத்தில் கல்யாணம்

முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கு வந்து சேரும் கல்யாணப் பத்திரிகைகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். தாள் மாறும், பிள்ளையார் மாறுவார், தங்க நிறத்தின் அடர்த்தி மாறும். ஆங்கிலப் பக்கத்து எழுத்து மட்டும் அநேகமாக ஒரே குடும்பம். வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இறங்கும் கோடு தடித்தும் ஏறும் கோடு மயிரிழையாகவும் ஓடும். அச்சகத்தில் “ஸ்கிரிப்ட்ல போடுங்க” என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். ஐபோனிலும் மேக் கணினியிலும் கூடவே வரும் எழுத்து என்பதால் பலர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் நளினத்தைப் பார்க்கிறவர்கள் ஏதோ அரண்மனையில் பிறந்தது என்றுதான் நினைப்பார்கள். பிறந்த இடம் பேரேடு.

சார்லஸ் ஸ்னெல் (1667–1733) லண்டன் ஃபாஸ்டர் லேனில் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்தவர். வணிகம் பெருகிக்கொண்டிருந்த அந்த நகரத்துக்கு, வேகமாக எழுதவும் சிரமமின்றிப் படிக்கவும் ஏற்ற ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. ரவுண்ட்ஹேண்ட் அந்தத் தேவைக்கு வளர்ந்த எழுத்து. கூர்முனை இறகுப் பேனாவை அழுத்தி இறக்கினால் முனை விரிந்து கோடு தடிக்கும். லேசாக ஏற்றினால் மெலியும். கூடியவரை பேனாவைத் தூக்காமல் எழுதுவதால் எழுத்துகள் கோத்துக்கொள்ளும். இன்று நாம் அலங்காரம் என்று ரசிப்பதில் பாதி, அன்றைய குமாஸ்தாவின் அவசரம்.

1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் தாறுமாறாக ஏறி, அதே வேகத்தில் விழுந்து, இங்கிலாந்தைக் கலங்கடித்தன. அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான சாப்ரிட்ஜின் நிறுவனக் கணக்குகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் இதே ஸ்னெல். தணிக்கைத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆரம்பப் பக்கங்களிலேயே அவர் பெயரைச் சொல்வார்கள். மணமக்கள் பெயரைத் தாங்கும் எழுத்துக்கு ஓர் ஆடிட்டரின் பெயர்!

பேனாவில் சுலபமாக வந்தது ஈயத்தில் வரவில்லை. அச்செழுத்து ஒவ்வொன்றும் செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தின் தலையும் வாலும் பக்கத்துக் கட்டைமேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டல்தான் முதலில் உடையும். வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் அதற்கு இடமே இல்லை. வசதியுள்ளவர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அடித்துக்கொண்டார்கள். ஈயத்துக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் போட்டோ டைப்செட்டிங் வந்தபிறகு கட்டை என்ற தடை ஒழிந்தது. புதிய இயந்திரத்தால் என்ன முடியும் என்று காட்டுவதற்கு ஏற்ற எழுத்தாக, லைனோடைப் நிறுவனத்திலிருந்த மேத்யூ கார்ட்டர் ஸ்னெலின் கையெழுத்தைத் தேர்ந்தெடுத்து வரைந்தார். 1966-இல் அது வெளிவந்தது. இளவயதில் ஹாலந்தின் ஹார்லெம் நகரத்து என்ஷெடே அச்சகத்தில் எஃகில் எழுத்து வெட்டப் பழகியவர் கார்ட்டர். பின்னாளில் கணினித் திரைக்கென்றே வெர்டானா, ஜார்ஜியா எழுத்துகளைத் தந்தவரும் அவர்தான்.

இவ்வளவு யோசித்துச் செய்த எழுத்து நம்மூர்ப் பத்திரிகையில் தடுமாறுவது ஏன்? முன்னால் ஒரு பெரிய எழுத்து, பின்னால் அதைத் தொடரும் சின்ன எழுத்துகள் என்ற கணக்கில் அமைந்தது அது. நம் பெயர்களுக்கோ முன்னால் இனிஷியல், பின்னால் பட்டம். மாப்பிள்ளை பி.இ., எம்.பி.ஏ.; பெண் எம்.பி.பி.எஸ்., எம்.டி.; சம்பந்திகள் இருவருக்கும் இரண்டிரண்டு இனிஷியல். எல்லாமே பெரிய எழுத்து, ஒவ்வொன்றுக்கும் சுருளும் வளைவும். மாப்பிள்ளை அழைப்புக் காரில் ஆறு மாப்பிள்ளைகளை ஏற்றியதுபோல் இருக்கும். ‘டி’ எது, ‘எஃப்’ எது என்று பெரிய படிப்புப் படித்தவருக்கே சந்தேகம் வரும். போதாக்குறைக்கு, மண்டபத்தின் பெயர் முழுவதையும் பெரிய எழுத்திலேயே அடிக்கிறவர்களும் உண்டு.

தமிழ்ப் பக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரியது சின்னது என்ற பேதம் நம் எழுத்தில் கிடையாது. விசேஷத்துக்குரிய மரியாதையை அங்கே வாசகம் பார்த்துக்கொள்கிறது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி வருஷம், திதி, நட்சத்திரம், லக்னம் என்று போனால், எந்த எழுத்தில் அடித்தாலும் அது கல்யாணம்தான். ஆங்கில வாசகத்துக்கு அந்தக் கம்பீரம் இல்லை. அதை எழுத்தின் வடிவம்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் வேண்டும் என்று குடும்பங்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அளவுதான் பிரச்சினை. மணமக்கள் பெயர் இரண்டையும் அந்த எழுத்தில் தாராளமாக, பெரிதாக வையுங்கள். இனிஷியல், பட்டம், முகூர்த்த நேரம், மண்டபம், போகும் வழி எல்லாம் நிமிர்ந்து நிற்கும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். சின்ன அளவில் தங்க மையில் அடித்தால் மயிரிழைக் கோடுகள் மங்கி, கோத்திருந்த எழுத்து துண்டு துண்டாகத் தெரியும்.

ப்ரூஃப் வந்ததும் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். சூப்பர் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, கண்ணாடி போட்ட பெரியப்பா யாராவது இருந்தால் அவரிடம் நீட்டுங்கள். மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் அவர் தடுமாறாமல் படித்தால் அச்சுக்கு அனுப்பலாம். தாம்பூலம் மாற்றிக்கொள்ள முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவர் அவர்.